கழுத்துக்குக் கீழே மூன்றாவது திட்டு

ஜூன் 9, ஞாயிறு

நாளைக்குப் பள்ளி திறப்பு. நாலு புடவைக்கு இஸ்திரி போட்டு முடிப்பதற்குள் குழுவில் படமாக வந்து குவிந்துவிட்டது. ஒரு மழை பெய்தால் போதும், முசிறிப் பக்கம் வாழைத்தோப்பு வைத்திருக்கிற அத்தனை பேரும் போனை நீட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒருவர் அறுந்து கிடந்த சொட்டுநீர்க் குழாயைப் படமெடுத்து, "டீச்சர், இது கட்டுவிரியனா?" என்று கேட்டிருந்தார். "இது பாம்பு இல்லை, பைப்" என்று பதில் போட்டேன். மனுஷன் கும்பிடு போட்டு நன்றி சொல்லியிருக்கிறார்.

குழுவுக்கு 'என்ன பாம்பு?' என்று பெயர் வைத்தது என் தம்பி வழுதி. இளவழுதி. எனக்கு மணிமொழி, அவனுக்கு இளவழுதி என்று பெயர் வைத்த அப்பா தமிழ் வாத்தியார். அவர் செத்த வருஷம்தான் குழுவை ஆரம்பித்தோம். தோப்பில் அப்பாவைக் கடித்ததைப் பக்கத்துத் தோப்புக்காரர் பார்த்துவிட்டு, "மலைப்பாம்புக் குட்டிதான் வாத்தியாரே, விஷமில்ல" என்று சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். கடித்தது கண்ணாடி விரியன். விலங்கியல் டீச்சராக ஒரு மகள் இருந்து என்ன பிரயோஜனம். ஒரே ஒரு படம் என் போனுக்கு வந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார்.

காரியம் முடிந்த அன்று வழுதி சொன்னான். "நீ பேர சொல்லுக்கா. நான் போயிப் புடிக்கிறேன்." அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. வாழைத்தார் ஏற்றப் போகிற வழியில் தன் குட்டியானை வண்டியை நிறுத்தி, கொக்கியால் பிடித்து, பச்சைமலை அடிவாரத்தில் கொண்டுபோய் விடுவான். விட்டதற்கு ஒரு படமும் போடுவான்.

என் சட்டம் ஒன்றுதான். மங்கலான படத்துக்குப் பெயர் சொல்ல மாட்டேன். இன்னொன்று எடுத்து அனுப்பு என்பேன். திட்டிக்கொண்டேதான் அனுப்புவார்கள், அனுப்பட்டும்.

இன்றைக்கு ஊர்க்காரர் பெரியண்ணன் தோப்பில் மலைப்பாம்புக் குட்டி ஒன்று. தெளிவான படம். சாயங்காலமே வழுதி அதை விட்டுவிட்டான். புதருக்குள் தலை நுழைகிறது, பக்கத்தில் பழுத்த பூவரச இலை ஒன்று மஞ்சளாகக் கிடக்கிறது. ஆள் முரடன், படம் மட்டும் அழகாக எடுப்பான்.

ஜூன் 14, வெள்ளி

இன்றைக்கும் மலைப்பாம்புக் குட்டி, வாய்க்கால் ஓரத்தில். முட்டை பொரிக்கிற காலம். வழுதி போய்ப் பிடித்துவிட்டுப் படம் அனுப்பினான். இதிலும் ஒரு மஞ்சள் இலை. அந்த அடிவாரம் முழுக்கப் பூவரசுதான் போலிருக்கிறது.

பிளஸ் டூவில் அறுபத்திரண்டு பிள்ளைகள். பெஞ்சு போதாது. எச்.எம். கிட்டே சொன்னால் சிரிக்கிறார்.

ஜூன் 22, சனி

வழுதி சாப்பிட வந்தான். அயிரை மீன் குழம்பு வைத்தேன். பொண்டாட்டி சுகந்தியையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருந்தும் தனியாகத்தான் வந்தான். வண்டிக்கு நாலு டயரும் புதுசு. நாலைந்து மாதமாக வாடகை நன்றாக வருகிறதாம். அப்பா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "குட்டி எத்தன நாளு எர இல்லாம இருக்கும்க்கா?"

"பொரிச்ச புதுசுல ரெண்டு மூணு வாரம் தாங்கும். ஏன்டா?"

"சும்மாத்தான். குளிரு தாங்குமா? பொட்டைய எப்பிடிக் கண்டுபுடிக்கிறது?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா அடித்துச் சொன்னபோது புத்தகத்தைத் தொடாத பயல், முப்பத்தெட்டு வயதில் பாடம் கேட்கிறான். சாதம் காய்கிற வரைக்கும் சொல்லிக்கொடுத்தேன். விரியனையும் மலைப்பாம்பையும் பிரித்துப் பார்ப்பதை மட்டும் மறுபடி மறுபடி சொன்னேன். விரியனுக்கு முதுகில் மூன்று வரிசை, முட்டை வடிவப் புள்ளிகள், சங்கிலி கோத்த மாதிரி ஒழுங்காக வரும். மலைப்பாம்புத் திட்டுக்கு ஒழுங்கே கிடையாது, கிழித்துப் போட்ட துணி மாதிரி இருக்கும்.

"அதுக்குத்தான் நீ இருக்கியே" என்றான். "எனக்கு எதுக்கு அதெல்லாம். நீ சொன்னா கைய உடுவேன், இல்லன்னா இல்ல."

என் வீட்டுக்காரர் கையலம்பப் போகிற சாக்கில், "மச்சான் பாம்புக்குக் கல்யாணம் பண்ணிவைக்கப் போறாரு" என்றார். பல்லியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறுகிற மனுஷருக்கு வாய்க்குக் குறைச்சல் இல்லை.

புதிதாக வந்திருக்கிற வனக்காவலர் நவமணி என்கிற பெண்ணைக் குழுவில் சேர்த்தேன். "எனக்குப் பாம்பு அவ்வளவாத் தெரியாது டீச்சர், நீங்கதான் சொல்லித்தரணும்" என்று எழுதியிருக்கிறாள். நல்ல பிள்ளை. வழுதிக்குத்தான் ஏனோ பிடிக்கவில்லை. "ஃபாரஸ்ட்காரங்கள எதுக்குக்கா உள்ள உட்ட?" என்று கேட்டான்.

ஜூன் 28, வெள்ளி

இன்னொரு குட்டி. வழுதி பிடித்து விட்டாயிற்று.

ஜூலை 3, புதன்

அறிவியல் கண்காட்சிக்கு அட்டை தயார் செய்ய உட்கார்ந்தேன். 'காப்பாற்றப்பட்ட பாம்புகள்' என்று தலைப்பும் எழுதிவிட்டேன். வழுதி விட்ட மலைப்பாம்புக் குட்டிகளின் படங்களைப் பிரிண்ட் போட்டுப் பக்கம் பக்கமாக ஒட்டினேன். போன வருஷம் எடுத்தவை நாலு, இந்த வருஷம் எடுத்தவை மூன்று.

பசை காய்வதற்குள் பார்த்துவிட்டேன். முதல் படத்துப் பாம்புக்குக் கழுத்துக்குக் கீழே மூன்றாவது திட்டு, கால் ஒடிந்த நாற்காலி மாதிரி இருக்கிறது. இரண்டாவது படத்துப் பாம்புக்கும் அதே இடத்தில் அதே நாற்காலி. மூன்றாவதுக்கும், நாலாவதுக்கும். இந்த வருஷத்து மூன்றுக்கும். ஒன்றில் மேலிருந்து எடுத்திருக்கிறான், ஒன்றில் பக்கத்திலிருந்து, ஒன்றில் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறான். கோணம்தான் வேறு. பாம்பு ஒன்றே ஒன்று. அந்த மஞ்சள் இலையும் ஒன்றே ஒன்று.

மனுஷருக்குக் கைரேகை மாதிரி மலைப்பாம்புக்குத் திட்டு. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. இதைப் பத்து வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் படம் வந்தால் நான் பார்ப்பது என்ன பாம்பு என்று மட்டும்தான். மலைப்பாம்பு என்று தெரிந்த நொடியில் கண் அடுத்த படத்துக்குப் போய்விடும். எந்த மலைப்பாம்பு என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என்னோடு இருந்து, என் கண் எங்கே நிற்கும் எங்கே நிற்காது என்று அளந்து வைத்திருக்கிறான்.

விட்டது ஒன்று. மீதி எல்லாம் எங்கே?

ஜூலை 4, வியாழன்

ரசம் கரித்துவிட்டது. வீட்டுக்காரர் மோர் ஊற்றிச் சாப்பிட்டார். கண்காட்சிக்குப் பட்டாம்பூச்சி அட்டை கொடுத்துவிட்டேன்.

ஜூலை 6, சனி

வழுதி வீட்டுக்குப் போனேன். சுகந்தி காபி போட உள்ளே போனதும் அட்டையை அவன் முன்னால் வைத்தேன். மூன்றாவது திட்டில் விரலை வைத்தேன். ஒவ்வொரு படமாக வைத்துக்கொண்டே போனேன்.

கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் சிரித்தான். "ஏழாவதுலதான் கண்டுபுடிச்சியா? நீ ரெண்டாவதுலயே புடிச்சிருவேன்னு நெனச்சேன்."

"எங்கடா அதெல்லாம்?"

"பெங்களூர்ல ஒருத்தர் வாங்கிக்கிறாரு. கொல்லலக்கா. கண்ணாடிப் பொட்டியில வச்சு வளக்குறாங்க. இங்க கெடந்தா எவனாச்சும் மம்பட்டியால வெட்டுவான். அங்க ஏசி ரூம்ல இருக்கு."

"நான் பேர் சொன்ன பாம்புடா அது. என்னை நம்பிப் படம் அனுப்புறாங்க."

"நீ பேர் மட்டுந்தான் சொன்ன. நான்தான கைய உட்டுப் புடிச்சேன்."

சுகந்தி காபியோடு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, அவளுக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. அவன் போட்ட ஒவ்வொரு படத்துக்கும் கீழே நான் பூப்பூவாகப் போட்டிருக்கிறேன். 'பாம்பு டீச்சரோட தம்பி' என்று ஊரில் அவனுக்கு வழிவிட்டார்கள். தோப்புக்குள் வேற்று ஆளை விடாதவர்கள் அவனுக்குப் படலைத் திறந்துவிட்டது என் பெயருக்காக. அப்பா செத்ததை முதலாகப் போட்டு ஒரு தொழில் நடத்தியிருக்கிறான், அதில் என்னையும் கூலியில்லாமல் வேலைக்கு வைத்திருந்திருக்கிறான்.

காபியைத் தொடாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் வாசலில் நின்றான். இனிமேல் இல்லை என்றான். அம்மா படத்துக்கு முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். "பாம்புப் பக்கமே போக மாட்டேன். நவமணியே புடிக்கட்டும்." அழுதான். நானும் அழுதேன்.

இவர் மட்டும், "புகார் குடுத்துடு மணி" என்கிறார். கூடப் பிறந்தவன்மேல் எப்படிப் புகார் கொடுப்பது. திருந்திவிட்டான், விடுங்கள் என்றேன்.

ஜூலை 13, சனி

மத்தியானம் பெரியண்ணன் படம் போட்டார். வாழைக்கட்டைக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. "டீச்சர், இது என்ன?" நான் பார்ப்பதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. வழுதி எழுதுகிறான். "பக்கத்துலதான் இருக்கேன் மாமா. வர்றேன். யாரும் தொட வேணாம்."

படம் கொஞ்சம் மங்கல். அவசரத்தில் பார்க்கும்போது விரியன் மாதிரித்தான் இருந்தது. 'கண்ணாடி விரியன். யாரும் கிட்டே போகாதீர்கள். வழுதி, நீயும்தான்' என்று போட்டேன்.

அரை மணி நேரத்தில் பெரியண்ணன் இன்னொரு படம் போட்டார். அடித்துக் குச்சியில் தொங்கவிட்டிருக்கிறார். "குழந்தைங்க நடமாடுற எடம் டீச்சர். உங்க புண்ணியத்துல தப்பிச்சோம்."

ஜூலை 14, ஞாயிறு

நேற்று எழுதியது பொய். படம் மங்கல் இல்லை. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. தலையில் அம்பு முனை, கிழிந்த துணித் திட்டு, பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத மலைப்பாம்புக் குட்டி. அது அவன் கைக்குப் போகக் கூடாது என்றுதான் அப்படிப் போட்டேன். விரியன் என்று சொன்னால் பெரியண்ணன் அடிப்பார் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அப்பாவைக் கொன்ற பாம்பின் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் யார்தான் அடிக்க மாட்டார்கள்.

சத்தியம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை அவனுக்கு. அந்தக் கோபம்தான் என் கண்ணை மறைத்தது. இப்போது ஒரு உயிர் போயிற்று. நான் சொன்ன பெயரால் போயிற்று.

காலையில் நவமணி செத்த பாம்பின் படத்தைப் பெரிதாக்கி, "டீச்சர், இது மலைப்பாம்பு மாதிரி இருக்கே?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஆமாம், தவறிவிட்டது என்று எழுதினேன். குழுவில் அதற்கப்புறம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. வழுதி மட்டும் தனியாக ஒரு வரி அனுப்பினான். "உனக்குத் தவறாதுக்கா."

ஜூலை 19, வெள்ளி

இருட்டுகிற நேரம். மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். வழுதியிடமிருந்து ஒரு படம். "இப்ப சொல்லு பாப்போம். இது என்ன?"

வாழைச்சருகுக்கு நடுவே பாதி உடம்புதான் தெரிந்தது. அதுவே போதும். முட்டைப் புள்ளிகள், கறுப்பு விளிம்பு, சங்கிலி மாதிரி வரிசை. மாவுக்கையோடேயே அடித்தேன். 'கண்ணாடி விரியன். தொடாதே.'

"போன வாரமும் இதேதான் சொன்ன" என்று வந்தது. சிரிக்கிற பொம்மை வேறு.

கூப்பிட்டேன். துண்டித்தான். மறுபடி கூப்பிட்டேன். துண்டித்தான். 'அப்பா மேலே ஆணை, விரியன்' என்று எழுதினேன். அதைப் பார்த்தானா என்று தெரியவில்லை. அடுத்த தடவை போனை எடுத்தது பெரியண்ணன்.

ஜூலை 22, திங்கள்

திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி. வழுதிக்கு வலது கை முழங்கை வரைக்கும் வீங்கிக் கறுத்திருக்கிறது. விஷமுறிவு மருந்து உடனே ஏற்றிவிட்டார்கள். என் போனில் இருந்த படத்தைப் பார்த்ததும் டாக்டருக்கு வேறு சந்தேகம் வரவில்லையாம். சிறுநீரகம்தான் வேலை செய்யாமல் கிடக்கிறது. டயாலிசிஸ் நடக்கிறது. உயிருக்கு இனிப் பயமில்லை என்கிறார்கள்.

இன்றைக்குக் கண் திறந்து பேசினான். நான் கட்டில் பக்கத்தில் நின்றேன்.

"நெசமாவே விரியந்தானாக்கா?"

"ஆமாடா."

"எட்டு வருசமா நீ சொன்னா கைய உட்டேன். நீ வேணாம்னா எடுத்தேன். ஒரு தடவ கூட யோசிச்சதில்ல. நீ பொய் சொல்லுவேன்னு எனக்குத் தெரியாது."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்குக் கோபம் வருகிறது. என்னை ஏமாற்றியவன், அப்பா பெயரைச் சொல்லிக் குட்டிகளை விற்றவன், அம்மா படத்தின் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன், என்னைப் பார்த்து நம்பிக்கைத் துரோகி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அது எனக்கு வர வேண்டிய கோபம். அதையும் அவனே எடுத்துக்கொண்டான். எனக்கு மிச்சம் வைத்தது, பக்கத்தில் நின்று டியூபைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை மட்டும்தான்.

வராந்தாவில் போய் உட்கார்ந்து அழுதேன். அவனுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

ஜூலை 25, வியாழன்

பள்ளிக்குப் போய் வந்தேன். சாயங்காலம் சுகந்தி வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. அன்றைக்குத் தோப்பில் கடிபட்ட வழுதியை ஆஸ்பத்திரிக்கு அவன் வண்டியிலேயே ஓட்டிப்போனவர் பெரியண்ணன். சீட்டுக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடிய தக்காளிக் கிரேட் ஒன்று இருந்திருக்கிறது. இன்றைக்கு வண்டியை ஊருக்குத் திருப்பி எடுத்து வரும்போது அதற்குள் ஏதோ நெளிவதைப் பார்த்துவிட்டு, கடித்ததோட ஜோடியாக இருக்குமோ என்று பயந்து நவமணியைக் கூப்பிட்டுவிட்டார். கிரேட் இப்போது வன அலுவலகத்தில் இருக்கிறது.

"அந்தப் பொண்ணுக்குப் பாம்பு தெரியாது அண்ணி" என்றாள் சுகந்தி. "உங்களத்தான் கேப்பா. தண்ணிப்பாம்புன்னு சொல்லிருங்க. இன்னிக்கே ஆத்துல உட்ருவாங்க. அதோட முடிஞ்சிரும். ஏற்கெனவே ஒரு தடவ தவறுனதுதான, இன்னொரு தடவ தவறிட்டாப் போவுது."

அவள் கும்பிட்ட கையைப் பிடித்து இறக்கினேன். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போ என்றேன். அவள் போன பிறகு உலை வைத்தேன்.

ஏழு மணிக்கு நவமணியிடமிருந்து படம் வந்தது. "டீச்சர், ரேஞ்சர் கேக்குறார். என்ன பாம்புன்னு சொல்லுங்க." யார் வண்டியில் கிடைத்தது என்று அவள் எழுதவில்லை. அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். எனக்காக எழுதாமல் விட்டிருக்கிறாள்.

முதலில், 'மங்கலாக இருக்கிறது, இன்னொரு படம் அனுப்பு' என்று அடித்தேன். என் சட்டம்தானே, யாரும் குறை சொல்ல முடியாது. அடித்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் மங்கல் இல்லை. இரண்டு குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்டு, மேலே இருப்பதன் கழுத்துத் திட்டு ஒவ்வொன்றும் எண்ணிவிடுகிற மாதிரி தெரிகிறது. மூன்றாவது திட்டைப் பார்த்தேன். நாற்காலி இல்லை, வேறு ஏதோ வடிவம். இதற்கு முன்னால் நான் பார்த்தே இராத பாம்பு. வாழ்க்கையில் முதல் தடவையாகப் படம் வந்ததுமே எந்த மலைப்பாம்பு என்று பார்த்தேன்.

அடித்ததை அழித்தேன். 'மலைப்பாம்பு. இரண்டும். பொரித்துப் பத்து நாளுக்குள் இருக்கும்' என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "நிச்சயமாத்தான டீச்சர்? தப்பா நெனச்சுக்காதீங்க. போன தடவ..."

எட்டு வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்க வைத்தவர்கள் நாங்கள் இரண்டு பேர், அக்காவும் தம்பியும்.

'நிச்சயம். நாளைக்குக் காலையில் நேரில் வந்து பார்த்து எழுதித் தருகிறேன். அது என் தம்பி வண்டியில் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்' என்று எழுதினேன்.

ஜூலை 26, வெள்ளி

முதல் பீரியடுக்கு லீவு சொல்லிவிட்டுப் போய் எழுதிக்கொடுத்தேன். நவமணி டீ வாங்கித் தந்தாள். குட்டிகளை இன்றைக்கே பச்சைமலையில் விடுகிறார்களாம். கூட வருகிறீர்களா என்று கேட்டாள். இரண்டாவது பீரியடில் டெஸ்ட் வைத்திருந்தேன், போகவில்லை.

மத்தியானம் அவள் படம் போட்டாள். புதருக்குள் இரண்டு தலையும் நுழைகின்றன. இலை எல்லாம் பச்சை. யாரும் பூப்போடவில்லை. அந்தப் படத்துக்குக் கீழே ஒரு வரி சின்ன எழுத்தில் வந்திருந்தது. 'இளவழுதி வெளியேறினார்.'

இடது கையால்தான் அழுத்தியிருப்பான்.